ஜெலுசில் இருக்கா அக்கா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்ட், தண்ணீர் லாரி இரண்டையும் பேசி முடித்தாயிற்று. நான் பேச வந்தது நம் வீட்டு மருந்து டப்பாவைப் பற்றி. நான் மருத்துவன் இல்லை, வங்கியில் கணக்கு எழுதியவன். படித்தும் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததைச் சொல்கிறேன்.

கோயில் இட்லியை இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு, "ஜெலுசில் இருக்கா அக்கா?" என்று பக்கத்துக் கதவைத் தட்டுவது நம் ஏனாத்தூர் வழக்கம். கேட்பவர் எச்ஐவி மருந்து சாப்பிடுபவராக இருந்தால்?

"நம் குடியிருப்பிலா?" என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். இந்தியாவில் இந்தத் தொற்று முதலில் தெரியவந்ததே 1986-இல், சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில்தான். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை அன்றைய முதல் மையங்களில் ஒன்று. இன்று தினம் ஒரு மாத்திரையோடு வேலைக்குப் போய், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து, நம்மைப் போலவே வயதாகிறவர்கள் இருக்கிறார்கள். வயதானால் நெஞ்செரிச்சல், மூட்டுவலி, சர்க்கரை. சிக்கல் அங்கேதான்.

இப்போது பெரும்பாலோருக்குத் தரப்படும் மாத்திரையில் டோலுடெக்ராவிர், டெனோஃபோவிர், லாமிவுடின் மூன்றும் உண்டு. ஜெலுசில், டைஜீன் போன்றவற்றில் அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. டோலுடெக்ராவிர் வயிற்றில் இந்த உலோகங்களோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சேராமல் போய்விடும். மாத்திரையை விழுங்கியும் முழுப் பயன் இல்லை. இது தொடர்ந்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடலாம். அதனால் எச்ஐவி மாத்திரையை ஜெலுசிலுக்கு 2 மணி நேரம் முன்பாகவோ 6 மணி நேரம் கழித்தோ போட வேண்டும். ஜெலுசில் குடித்துவிட்டோமே என்று அன்றைய மாத்திரையையே விட்டுவிடக் கூடாது, நேரத்தைத் தள்ளினால் போதும்.

கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான். ஆனால் சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். சங்கு பற்பத்தில் சுண்ணாம்புச் சத்து, அயச்செந்தூரத்தில் இரும்பு. "நாட்டு மருந்துதானே" என்று மறைக்காமல் அவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓமெப்ரசோல் டோலுடெக்ராவிரைத் தொந்தரவு செய்வதில்லை. அட்டாசனாவிர் என்ற வேறு மருந்தில் இருப்பவர்களுக்கோ அதுவே ஆகாது.

அடுத்து வலி மாத்திரை. நம் ஊரில் தறியில் உட்கார்ந்து முதுகு போனவர்கள் எத்தனை பேர்! கடையில் சீட்டு இல்லாமலே டைக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் போடுகிறார்கள். டெனோஃபோவிரும் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும். காம்பிஃப்ளாமில் உள்ள ஐபுப்ரோஃபெனும் அதே வகைதான். சாதாரண வலிக்கு அளவோடு பாராசிட்டமால் போதும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டோலுடெக்ராவிர் ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டுவதால், நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள்.

மருந்துக் கடையில் நாலு பேர் நடுவே இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்பது நியாயமான கவலை. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் தன் எச்ஐவி நிலையைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே மருந்து கொடுக்கும் நாமும் "என்ன வியாதி?" என்று குடைய வேண்டியதில்லை. "தினசரி மருந்து ஏதாவது சாப்பிட்டால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக் கொடுத்தால் போதும். பிரஷர் மாத்திரைக்காரருக்கும் அது பொருந்தும், யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள்.

மாத்திரை சாப்பிடுபவர் இதைப் படித்தால், அடுத்த முறை ஏஆர்டி மையம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், சூரண டப்பா உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் 1097 என்ற எண்ணைக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை.