மயிற்பொறியும் பழைய விமானமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், திருவரங்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சீவக சிந்தாமணியைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். இசைந்தேன். ஆனால் நான் பேசவிருப்பது பழைய விமானம் ஒன்றை விலைக்கு வாங்குவது பற்றி என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த மேடை எனக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. எனினும் சிந்தாமணியை விட்டு நான் வெகுதொலைவு போய்விட மாட்டேன்.

நம் இலக்கியங்களில் வானூர்திகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை தேவரும் விஞ்சையரும் ஊர்பவை. மனிதத் தச்சன் செய்து, மானிடப் பெண் ஒருத்தி ஓட்டப் பழகி, அவளுடைய துயரத்தால் தரையிறங்கிய ஊர்தி ஒன்று உண்டென்றால் அது திருத்தக்கதேவரின் மயிற்பொறிதான். நாமகள் இலம்பகத்தில் சச்சந்தன் வரப்போகும் கேட்டினை உணர்ந்து அதனைச் செய்விக்கிறான். கருவுற்றிருக்கும் விசயை அதில் ஏறிப் பயில்கிறாள். கட்டியங்காரன் சூழ்ந்துகொண்ட நாளில் அதுவே அவளைக் காக்கிறது. பகைவனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்கிச் சோர, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான்.

சில ஆண்டுகளுக்கு முன் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் இப்பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது, இயற்பியல் மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, அந்த மயில் புதிதாகச் செய்தது. செய்தவன் பக்கத்திலேயே இருந்தான். அதுவே வேறொருவர் ஓட்டிப் பழகிய பழைய மயிலாக இருந்தால் விசயை எதை நம்பி ஏறியிருப்பாள்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். விடை சொல்லவில்லை. அந்தக் கேள்வி பின்னாளில் அவளிடமே திரும்பி வந்தது.

அவள் இந்தத் திருவரங்கத்துப் பெண். படிப்பை முடித்து அமெரிக்கா சென்றாள். கணினித் துறையில் வேலை. ஓய்வு நாள்களில் விமானம் ஓட்டக் கற்று உரிமமும் பெற்றாள். பின்னர், நான்கு இருக்கைகள் கொண்ட பழைய சிறு விமானம் ஒன்றை வாங்க எண்ணினாள். அங்கே அது அரசர்க்குரிய செயலன்று. பல்லாண்டு பழைய சிறு விமானங்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஆயினும் நம் கணக்கில் அது ஒரு வீட்டின் விலை. அவளுடைய சேமிப்பு முழுவதும் அதில் அடங்கும். அதைவிட, அவளுடைய உயிரும் அதில் ஏறும்.

அவள் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். வெண்மையும் செம்மையுமாக, நேற்றுப் பிறந்தது போன்ற விமானம். "இன்னும் பணம் கொடுக்கவில்லை. ஆனால் மனத்தால் வாங்கிவிட்டேன். ஒரு வாழ்த்துப் பாடல் வேண்டும்" என்று எழுதியிருந்தாள். நான் அன்றிரவே எண்சீர் விருத்தம் ஒன்று எழுதி அனுப்பிவிட்டேன். மயிலே என்று விளித்தேன், முகிலைத் துணைக்கு அழைத்தேன், சக்கரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அது பறக்கத் தக்கதா என்று ஒரு சொல் கேட்கவில்லை. கவிஞர்களே, இது என் குற்ற ஒப்புதல்.

நல்லவேளையாக, அவள் பாட்டை மட்டும் நம்பவில்லை. விற்பவரோடு தொடர்பில்லாத பொறிவினைஞர் ஒருவரைத் தன் செலவில் அமர்த்தினாள். அவர் செய்தவற்றை அவள் எழுதிய கடிதங்களால் அறிந்தேன். அவை எனக்கு ஒரு புதிய உரைநூல் போல் இருந்தன.

முதலில் அவர் வண்ணத்தை ஐயுற்றார். புதிய பூச்சு அழகுக்காகவும் இருக்கலாம், மறைப்பதற்காகவும் இருக்கலாம். அலுமினியத் தகட்டில் அரிப்புத் தொடங்கினால் பூச்சு கொப்புளிக்கும். அடியில் வெண்பொடி தோன்றும். தகடுகளைப் பிணைக்கும் தறையாணிகளைச் சுற்றிக் கரும்புகை படிந்தாற்போல் கோடு தெரிந்தால், அந்த ஆணி தளர்ந்து உராய்கிறது என்று பொருள். உடற்தகட்டில் சுருக்கம் கண்டால், எப்போதோ அது தரையில் வன்மையாக மோதி இறங்கியிருக்கலாம். இவை எல்லாம் வெறுங்கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் குனிந்தும் மல்லாந்தும் பார்க்கும் கண்ணுக்கே தெரிபவை.

அடுத்து எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்பது பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு நிற்கிறது என்று அளப்பார்கள். எண் மட்டும் போதாது. காற்று எந்த வழியாகக் கசிகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். புகைக்குழாய் வழியே சீறினால் ஒரு நோய். எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் வேறு நோய். எண்ணெய் வடிகட்டியை அறுத்து, உள்ளிருக்கும் மடிப்புத்தாளை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். அதில் உலோகத்துகள் மின்னினால், உள்ளே ஏதோ தேய்ந்துகொண்டிருக்கிறது. பொன்துகள் கண்டு மகிழும் பொற்கொல்லன் போலன்றி, மின்னுவதைக் கண்டு அஞ்சும் தொழில் இது.

எனக்கு வியப்பளித்தது மற்றொன்று. குறைவாக ஓடியது என்பது இங்கே புகழ்ச்சியன்று. இவ்வகை விமானங்களில் பலவற்றுக்கு எஞ்சின் தரும் லைகமிங் நிறுவனம், பல எஞ்சின்களுக்கு ஏறத்தாழ 2000 மணி நேரம் அல்லது 12 ஆண்டுகள், இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது முழுமையாகப் பிரித்துச் சீரமைக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. நெடுங்காலம் ஓடாமல் நின்றால் உட்பகுதிகளின் மீதிருக்கும் எண்ணெய்ப் படலம் வழிந்துவிடும்; ஈரம் சேர்ந்து துருப்பிடிக்கும். பயன்படாத பொருள் கெடாது என்று நாம் கொண்டிருக்கும் எண்ணம் எஞ்சினிடம் செல்லாது.

எடைக்கணக்கும் இப்படியே. இருக்கை நான்கு என்பதால் நால்வரும், பெட்டிகளும், நிறைந்த எரிபொருளும் ஒருங்கே ஏறலாம் என்பதில்லை. பெரும்பாலான சிறு விமானங்களில் ஒன்றைக் குறைத்தே மற்றொன்றை ஏற்ற முடியும். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதை, நான் அரசியலுக்கும் போருக்கும் மட்டுமே விளக்கி வந்தேன். அவள் அதனை விமானத்தின் எடைத்தாளின் ஓரத்தில் எழுதிவைத்திருந்தாள்.

இனி, நான் சிறிது பங்கு பெற்ற இடத்துக்கு வருகிறேன். விமானம் ஒவ்வொன்றுக்கும் பதிவேடுகள் உண்டு. உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, சுழல்விசிறிக்கும் தனியே வைத்திருப்பார்கள். எத்தனை மணி நேரம் பறந்தது, எந்தப் பகுதி மாற்றப்பட்டது, ஆண்டுச் சோதனை என்று நடந்தது, அரசு ஆணையிட்ட திருத்தங்கள் செய்யப்பட்டனவா, எல்லாம் நாளும் கையொப்பமுமாக அவற்றில் இருக்க வேண்டும். அந்தப் பக்கங்களின் படிகளை அவள் எனக்கு அனுப்பி, "பொருள் புரிய வேண்டாம் அம்மா. சுவடி பார்ப்பதைப் போல் பாருங்கள்" என்று எழுதினாள்.

கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் 1880-இல் தூண்டியதால் உ. வே. சாமிநாதையர் சிந்தாமணிக்குள் புகுந்தார். பல சுவடிகளை ஒப்புநோக்கி 1887-இல் அச்சிட்டார். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நம் திரிசிரபுரத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். அந்த மரபில் வந்த நமக்கு ஒன்று தெரியும். ஏட்டில் இருப்பதை வாசிப்பவன் வாசகன். ஏட்டில் இல்லாததையும் காண்பவன் பதிப்பாசிரியன். எங்கே எண் தாவுகிறது, எங்கே கை மாறுகிறது, எங்கே முறிந்த ஓலைக்குப் பின் கதை வேறு குரலில் தொடங்குகிறது என்று அவன் பார்ப்பான்.

நான் அப்படியே பார்த்தேன். ஆண்டுகள் வரிசையாக வந்தன. ஓர் ஆண்டில் சுழல்விசிறிக்குப் புதிய பதிவேடு தொடங்கியிருந்தது. ஏன் என்று எங்கும் இல்லை. அதே பருவத்தில் உடற்பதிவேட்டில் இறக்கை நுனி மாற்றிய குறிப்பு ஒரே வரியில் இருந்தது. எஞ்சின் பதிவேடோ அந்த மாதங்களில் வாய் திறக்கவில்லை. மூன்று ஏடுகளையும் அருகருகே வைத்தபோதுதான் அந்த மௌனம் கேட்டது. ஐயத்தை எழுதி அனுப்பினேன். அவளும் பொறிவினைஞரும் முன்பே அவ்விடத்தில் நின்றிருந்தார்கள். பொருளை அவர் விளக்கினார்: சுழல்விசிறி ஓடும்போதே தரையில் மோதியிருக்கலாம். அப்படி மோதினால் அந்த அதிர்ச்சி எஞ்சினின் சுழல்தண்டு வரை பாயும். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். பிரித்ததற்குச் சான்று இல்லை.

விற்பவரிடம் கேட்டாள். தெளிவான விடை வரவில்லை. "நாளை வேறொருவர் வாங்க வருகிறார்" என்ற செய்தியே வந்தது. சோதனைக்குக் கொடுத்த பணம் போகட்டும் என்று அவள் விலகிக்கொண்டாள். அன்று தொலைபேசியில் அவள் அழுதாள். அவள் ஆசைப்பட்ட அளவு எனக்குத் தெரியும். அதற்கு நெய் வார்த்தது என் விருத்தம் அல்லவா? தேறாமல் தெளிவதும், தெளிந்தபின் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று பொய்யாமொழி கூறும். தேறுவதற்கு முன்னரே தெளியச் சொன்னவள் நான்.

பெரியோர்களே, இந்த வரிசையில் மற்றொரு பெண்ணை நினைவுகூர்கிறேன். இங்கிலாந்தின் ஏமி ஜான்சன், வழக்கறிஞர் அலுவலகத்தில் பணிபுரிந்தவர். 1930-இல் 600 பவுனுக்கு வாங்கிய பழைய ஜிப்சி மாத் விமானத்துக்கு 'ஜேசன்' என்று பெயரிட்டு, மே 5-இல் குராய்டனில் புறப்பட்டு, கராச்சி, ஜான்சி, கல்கத்தா வழியாகத் தனியே பறந்து, மே 24-இல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். அவருடைய துணிவைப் பாடுவோர் பலர். அதற்கு முந்திய ஆண்டே அவர் விமானப் பொறிவினைஞர் உரிமமும் பெற்றிருந்தார் என்பதைச் சொல்வோர் சிலர். எஞ்சினைத் தம் கையால் பிரித்துப் பூட்டத் தெரிந்தவரின் துணிவு அது. அந்தப் பழைய விமானம் இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் ஊரிலும் ஒரு பாடம் நடந்தது. 2018 அக்டோபர் 12-ஆம் நாள் விடியற்குமுன் திருச்சியிலிருந்து துபாய்க்கு 136 பேருடன் கிளம்பிய விமானம், நிலையத்தின் சுற்றுச்சுவரில் மோதிவிட்டு மேலெழுந்தது. உள்ளிருந்த கருவிகள் குறையேதும் காட்டவில்லை. பறந்துகொண்டே இருந்தது, பின்னர் மும்பைக்குத் திருப்பப்பட்டு நலமாக இறங்கியது. இறங்கிய பின் பார்த்தால் அடிவயிறு கிழிந்திருந்தது. புறப்படும் ஓட்டத்தில் தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானம் பின்னே சரிந்ததும், அந்தத் தடுமாற்றத்தில் எஞ்சின் விசை குறைக்கப்பட்டதும் விசாரணையில் வெளிவந்தன. ஓர் இருக்கை! சிறு விமானங்களிலும் இதுவே கதை. உலகில் மிகுதியாகச் செய்யப்பட்ட செஸ்னா 172 உள்ளிட்ட வகைகளில், இருக்கை நகரும் தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்தால், மூக்கு மேலெழும் நேரத்தில் இருக்கை பின்னோக்கி வழுக்கும். அவற்றைக் காலந்தோறும் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு 1987-இல் ஆணையிட்டது. வண்ணத்தைப் பார்ப்பவர் பலர். இருக்கையின் அடியில் கைவிட்டுத் துளையைத் தடவிப் பார்ப்பவர் சிலரே.

அடுத்த ஆண்டு அவள் வேறொரு விமானத்தைக் கண்டாள். வண்ணம் மங்கியது, இருக்கைத் துணி கிழிந்தது, பதிவேடுகளோ முதல் நாளிலிருந்து முழுமை. ஒரு பழைய விபத்துகூட மறைக்கப்படாமல், பழுது பார்த்த விவரத்தோடு எழுதப்பட்டிருந்தது. அதனை வாங்கினாள். குற்றமில்லாததை அவள் தேடவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதைத் தேடினாள்.

இதனை ஏன் கவிஞர்கள் அவையில் சொல்கிறேன்? பத்தாண்டுகளாக இந்த வட்டத்தில் ஒருவர் கவிதை படித்தவுடன் நாம் கைதட்டுகிறோம். வாழ்த்துரை சுடச்சுட எழுதுகிறோம். ஆராய்ந்தால் அன்பு குறைந்துவிடும் என்று அஞ்சுகிறோம். நானும் அவ்வாறே அஞ்சியிருந்தேன். ஆனால் அவள்மேல் மிக்க அன்பு காட்டியவர் யார்? பாட்டு எழுதிய நானா, எண்ணெய் படிந்த கையோடு மல்லாந்து கிடந்து ஆணியாணியாகப் பார்த்த அந்த முகமறியாத மனிதரா? வரும் ஆண்டுமுதல் நம் தொகுப்பில் இடம்பெறும் ஒவ்வொரு கவிதையையும், எழுதியவரோடு தொடர்பில்லாத இருவர் முன்னரே எழுதுகோலும் கையுமாகப் படிக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். முதலில் என் கவிதையைக் கொடுக்கிறேன்.

அந்த விருத்தம் இன்னும் என்னிடமே இருக்கிறது. வாங்கப்படாத விமானத்துக்கு எழுதிய வாழ்த்து. இரண்டாம் விமானத்துக்கு அவள் பாட்டுக் கேட்கவில்லை. "அம்மா, நீங்கள் வந்தால் ஏற்றிச் செல்வேன். ஆனால் ஏறும் முன் பதிவேட்டை ஒருமுறை முழுவதும் நீங்கள் படிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

படிப்பேன்.