அம்மாவுக்கு ஒரு புல்தரை

இன்னிக்கு எபிசோடு முழுக்கப் புல்லைப் பத்தித்தான். சிரிக்காதீங்க. அந்தப் புல்லுக்காக நாங்க நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல செலவு பண்ணினோம், முப்பது வயசு மாமரம் ஒண்ணை வெட்டுற அளவுக்கும் போயிட்டோம்.

போன வருஷம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆச்சு. தினமும் நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். எங்க தெருவுல ஒரு பக்கம் பைக், ஒரு பக்கம் தோண்டின பள்ளம், நடுவுல நாய். அங்க எப்படி நடக்கிறது? வீட்டுக்குத் தெற்குப் பக்கம் 20 அடி அகலம், 40 அடி நீளத்துக்கு வெறும் மண்தரை கிடந்துச்சு. "அதுல புல் போட்டுக் கொடுடா, வெறுங்காலோட நடக்கிறேன்"னு அம்மா கேட்டாங்க. இத்தனை வருஷத்துல அவங்க என்கிட்ட கேட்ட ரெண்டாவது பொருள் அது. முதல்ல கேட்டது மிக்ஸி.

இடத்தைக் கொஞ்சம் மனசுல வரைஞ்சுக்கோங்க. சென்னையில பழைய தனி வீடு. கிழக்குல தெரு, கேட். மேற்குக் கடைசியில அப்பா வெச்ச மாமரம். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம், அதாவது தெற்குல, நாலு மாடி அபார்ட்மென்ட்.

ஜூன் மாசம் கொரியன் கிராஸ் போட்டோம். நர்சரியில அதுதான் பார்க்க அழகா இருந்துச்சு, ஊசி ஊசியா, மெத்து மெத்துனு. செம்மண், மணல், எரு எல்லாம் அடிச்சு, சதுரத் துண்டுகளை வரிசையா பதிச்சாங்க. ஆகஸ்ட் வரைக்கும் சினிமா செட் மாதிரி இருந்துச்சு. நான் ஸ்டேட்டஸ் எல்லாம் வெச்சேன்.

அக்டோபர்ல மெலிய ஆரம்பிச்சுது. தோட்டக்கார அண்ணன் யூரியா போடச் சொன்னார், போட்டேன். ஒரு வாரம் பச்சையாகி, அப்புறம் இன்னும் மோசமாச்சு. நவம்பர் மழையில புல் இருந்த இடமெல்லாம் பாசி. டிசம்பர்ல ஒரு காலை அம்மா அதுல கால் வெச்சு வழுக்கிட்டாங்க. ஜன்னல் கம்பியைப் பிடிச்சதால விழல. புது முழங்காலோட விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன்.

அண்ணன் வந்து பார்த்துட்டு, "மரத்து நிழல் சார், மரத்தை எடுத்துட்டா சரியாயிடும்"னார். அப்பா இப்போ இல்லை. நான் பிறந்த வருஷம் அவர் வெச்ச மரம் அது. அம்மா கோபப்படுவாங்கன்னு நினைச்சேன். அவங்களோ, "மரத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன், நான் நடக்கணும்"னுட்டாங்க. அப்படி அவங்க சொன்னதுதான் எனக்குத் தாங்கல. ஒரு வாரம் டைம் கேட்டேன்.

அந்த வாரம் நான் செஞ்சது ஒரே ஒரு வேலை. ஞாயித்துக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலு வரைக்கும், மணிக்கு ஒரு தடவை மொட்டை மாடியிலிருந்து போன்ல போட்டோ. மொத்தம் ஒன்பது படம். வரிசையா வெச்சுப் பார்த்தா, மாமரத்தோட நிழல் மேற்கு ஓரத்துல ஒரு பத்தடியைத் தாண்டல. மிச்சத்தை மூடியிருந்தது அபார்ட்மென்ட்! உச்சி வெயில்லயும் அதோட நிழல் தரை முழுக்கப் படர்ந்து எங்க சுவர் மேல ஏறி நிக்குது. மரத்தை வெட்டியிருந்தாலும் புல் செத்துத்தான் போயிருக்கும்.

அப்ப ஜூன்ல எப்படி வளர்ந்துச்சு? எங்க ஊர் அட்சரேகைதான் காரணம். சென்னை சுமார் 13 டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் கடைசி வாரத்துலயும் ஆகஸ்ட் மூணாவது வாரத்துலயும் சூரியன் நேரா நம்ம தலைக்கு மேல வரும். இந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள மாசங்கள்ல, மதியச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் நிக்கும். அதனால தெற்குல இருக்கிற கட்டடத்தோட மதிய நிழல் நம்ம பக்கமே வராது. டிசம்பர்ல சூரியன் தெற்கே இறங்கிடும். அப்போ 40 அடி உயரக் கட்டடம், நட்டநடு மதியத்துலயே வடக்குப் பக்கம் கிட்டத்தட்ட 30 அடி நிழல் போடும். எங்க தரையே 20 அடிதான். ஜூன்ல வெயில் பார்த்து புல் வாங்கினவன் நான். பார்க்க வேண்டியது மார்கழியில. (டிசம்பர் வரைக்கும் காத்திருக்க முடியாதவங்களுக்கு, எந்தத் தேதியில சூரியன் எந்தப் பக்கம் போகும்னு காட்டுற ஆப் நிறைய இருக்கு.)

யூரியா ஏன் கெடுத்துச்சுன்னும் அப்புறம்தான் புரிஞ்சுது. புல் தனக்கான சாப்பாட்டை வெளிச்சத்துல தயாரிக்குது. வெளிச்சமே இல்லாதப்போ "வளரு வளரு"னு உரம் போட்டா, வேர்லயும் தண்டுலயும் சேர்த்து வெச்சதை எடுத்துச் செலவு பண்ணி இலை விடும். சேமிப்பு தீர்ந்ததும் படுத்துடும். சம்பளம் வராத மாசத்துல கிரெடிட் கார்டு கொடுத்த கதைதான்.

சரி, எந்தப் புல்? நம்ம ஊர் அருகம்புல்லும் கடையில பெர்முடான்னு விக்கிறதும் ஒரே இனம். வெட்டவெளியில ராஜா, நிழல்ல நிக்காது. தினம் ஆறு மணி நேரத்துக்குக் குறையாம நேரடி வெயில் வேணும். கொரியன் கிராஸ் கொஞ்சம் நிழல் தாங்கும், ஆனா எங்க வீட்டு அளவு நிழலை இல்ல. உண்மையில நிழலுக்குன்னு சொல்லத்தக்கது ரெண்டு. ஒண்ணு, அகல இலை உள்ள கார்ப்பெட் கிராஸ். தென்னந்தோப்புக்குள்ளயே வளரும், ஆனா ஈரம் கேக்கும், உப்புத்தண்ணி ஆகாது. இன்னொண்ணு பஃபலோ கிராஸ். தடிச்ச ஓடுதண்டு விட்டுப் படரும், நாலு மணி நேர வெயில்ல சமாளிச்சுக்கும், உப்பையும் தாங்கும். எங்க போர் தண்ணியில பக்கெட்டே வெள்ளை பூத்துடும். அதனால யோசிக்கவே வேண்டியிருக்கல, பஃபலோதான்.

இங்க ஒரு எச்சரிக்கை. யூட்யூப்ல பஃபலோ கிராஸ்னு தேடினா அமெரிக்க வீடியோக்கள் வரும். அவங்க அப்படிச் சொல்றது வேற புல், அது நிழலுக்கு ஆகவே ஆகாது. நாம வாங்குறதுக்கு அங்க பேரு செயின்ட் அகஸ்டின். நர்சரியிலயும் இதே குழப்பம் உண்டு. ரெண்டு கடையில பஃபலோன்னு கேட்டு நான் ரெண்டு வேற புல்லைப் பார்த்தேன். பேரைச் சொல்லி ஆர்டர் பண்ணாம, நேர்ல போய் இலையையும் தண்டையும் பார்த்து வாங்குங்க.

ஆனா எந்தப் புல்லும் வராத இடம்னு ஒண்ணு இருக்கு. அதை ஏத்துக்கத்தான் எனக்கு நாளாச்சு. என் ஒன்பது படத்துலயும் தேடினப்போ, கேட் பக்கம் 12 அடிக்கு மட்டும் டிசம்பர்லயும் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வெயில் இருந்துச்சு. அபார்ட்மென்ட் தெருவிலிருந்து கொஞ்சம் உள்தள்ளிக் கட்டியிருக்கிறதால கிடைச்ச வெயில். அந்த 12 அடிக்கு மட்டும் புல். நடுவுல பாசியெல்லாம் சுரண்டி எடுத்துட்டு, மண்ணை மேடாக்கி, தண்ணி வடிய வாட்டம் விட்டு, சொரசொரப்பான கல் பதிச்சு நடைபாதை. ஓரத்துல மோண்டோ கிராஸ். பேர்ல மட்டும்தான் புல், மிதிக்கக் கூடாது, ஆனா நிழல்ல சந்தோஷமா இருக்கும். மரத்தடியில ஒண்ணும் பண்ணல, சருகு கிடக்கட்டும்னு விட்டாச்சு. நடுவுல ஒரு கடையில செயற்கைப் புல்லும் காட்டினாங்க. அம்மா காலால தேய்ச்சுப் பார்த்துட்டு, "பாத்ரூம் மேட்டு"ன்னு ஒதுக்கிட்டாங்க.

பராமரிப்புல ரெண்டு விஷயம்தான் மாத்தினேன். நிழல்ல இருக்கிற புல்லை ஒட்ட வெட்டக் கூடாது. மூணு அங்குலத்துக்குக் குறையாம விட்டா, இருக்கிற வெளிச்சத்தைப் பிடிக்க இலை இருக்கும். தினமும் தண்ணி ஊத்துறதையும் நிறுத்திட்டேன். விரலை மண்ணுல விட்டுப் பார்த்து, காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி. முதல் தடவை வந்த பாசியில பாதி நான் ஊத்தி வளர்த்தது.

பிப்ரவரியில நட்டது, இப்போ மூடிடுச்சு. கோரை மட்டும் அங்கங்க எட்டிப்பாக்குது, கிழங்கோட பிடுங்குறேன். அம்மா காலையில ஒன்பது மணிக்கு வெயில் பார்த்து இறங்கி, கல் பாதையில செருப்போட போய், புல்லுல செருப்பைக் கழட்டிட்டு இருபது சுத்து நடக்கிறாங்க. பழைய புல் அளவுக்கு மெத்துனு இல்லையாம், தேங்காய் நார் மிதியடி மாதிரி இருக்காம். தினமும் ஒரு தடவையாவது இதைச் சொல்லிடுவாங்க. நேத்து சொல்லும்போது கையில மாம்பிஞ்சு ஒண்ணு இருந்துச்சு, கீழே விழுந்ததாம். உப்பு மிளகாத்தூள் எடுத்துட்டு வரச் சொன்னாங்க.

டிசம்பர் வந்ததும் மறுபடி ஒன்பது படம் எடுத்துக் காட்டுறேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.