கணக்கைக் கேட்போம், கட்சியைக் கேட்க வேண்டாம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். வீட்டு வேலை, ரெண்டு ஆடு, குழு வேலை, இதுதான் என் உலகம். "ஜனநாயகமும் பெண்களும்" என்று பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. எனக்குத் தெரிந்தது எங்க ஊரில் நடந்தது மட்டும்தான். அதையே சொல்கிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

எங்க வீட்டில் என் மாமனார் காலத்தில் இருந்தே ஒரு கட்சி. எதிர்வீட்டு மதினி வீட்டில் வேறு கட்சி. ஆனால் நாங்க ரெண்டு பேரும் ஒரே குழு, ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒரு தேர்தல் சமயம் என் செல்லுக்கு ஒரு படம் வந்தது. மதினியோட கட்சியில் இருக்கும் ஒரு பெண் தலைவரை அசிங்கமாக வரைந்து, கீழே இரட்டை அர்த்தத்தில் ஒரு வரி. நான் சிரிச்சுக்கிட்டே அதைக் குழு வாட்ஸ்அப்பில் அனுப்பிட்டேன்.

மதினி ஒரு பதிலும் போடவில்லை. அடுத்த ரெண்டு வாரம் கூட்டத்துக்கும் வரவில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் பிள்ளையிடம் கொடுத்து விட்டாங்க. மூணாவது வாரம் நானே வீட்டுக்குப் போனேன். அவங்க சொன்னது இதுதான்.

"அவங்க செஞ்ச வேலையில என்ன தப்புன்னு கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். இல்லாட்டி, ஆமா தப்புதான்னு ஒத்துக்கிட்டிருப்பேன். நீ அவங்க உடம்பைப் பத்தில்ல அனுப்புனே? நாளைக்கு நம்ம குழுவுல ஒருத்தி தேர்தல்ல நின்னா, அவளுக்கும் இதே படம்தானே வரும்?"

எனக்கு வாயே எழவில்லை. 2016ல் நம் மாநிலத்தில் சட்டத்தைத் திருத்தி உள்ளாட்சியில் பாதி இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்காங்க. அதற்கு முன்னால் மூணில் ஒரு பங்குதான் இருந்தது. இடம் இருந்தும் எத்தனையோ வீட்டில் "அந்தச் சாக்கடை உனக்கு எதுக்கு?" என்று பெண்ணைத் தடுக்கிறாங்க. அந்தச் சாக்கடையில் நானும் ஒரு குடம் ஊத்தியிருக்கிறேன். மதினியிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். மறுவாரம் குழுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

ரெண்டாவது தப்பு கிராம சபையில் நடந்தது. கிழக்குத் தெருவில் குடிநீர்க் குழாய் வேலை பாதியில் நின்று போச்சு. ஆனால் மே 1 கிராம சபையில் வேலை முடிந்ததாகக் கணக்கு வாசித்தார்கள். மதினி எழுந்து, "தண்ணி வரலையே, எப்படி முடிஞ்சது?" என்று கேட்டாங்க. அப்போது தலைவராக இருந்தவர் எங்க கட்சி ஆதரவில் ஜெயித்தவர். உடனே எங்க ஆட்கள், "நீங்க அந்தக் கட்சி, அப்படித்தான் பேசுவீங்க" என்று சத்தம் போட்டாங்க. அவங்க ஆட்கள் எங்க கட்சியின் பெரிய தலைவரைத் திட்டினாங்க. சென்னையில் யார் என்ன ஊழல் செய்தார் என்று அரை மணி நேரம் சண்டை. குழாய்ப் பேச்சு காணாமல் போச்சு. தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை.

அந்தத் தெருவில் தினமும் குடத்தோடு நடக்கிறவள் நான். எனக்கு உண்மை தெரியும். இருந்தும், நம்ம ஆளை நாமே விட்டுக் கொடுக்கிறதா என்று உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோடை முழுக்க நானும் மதினியும் லாரித் தண்ணிக்கு ஒரே வரிசையில் நின்றோம்.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்க. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. நம்ம ஊர்ச் சபையில் கட்சி வேண்டாம் என்று வாசலிலேயே நிறுத்தியிருக்காங்க. நாமதான் அதைக் கொல்லைப்புறமாகக் கூட்டிட்டு வருகிறோம்.

அப்படியானால் தலைவர்களைக் குறையே சொல்லக் கூடாதா? கண்டிப்பாகச் சொல்லணும். ஓட்டுப் போட்ட நமக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் நம்ம குழுவில் எப்படிக் கேட்கிறோம்? ஊக்குநர் கணக்கில் நூறு ரூபாய் குறைந்தால், "ரசீது எங்கே, பேங்க் புத்தகம் எங்கே" என்று கேட்கிறோம். அவங்க சாதியை, சேலையை, புருஷனை இழுக்கிறோமா? அதே மாதிரி, ஊக்குநர் என் சொந்தக்காரி என்று கேட்காமல் விட்டால் அந்தக் குழு எத்தனை நாள் நிற்கும்? எதிராளியை வாய்க்கு வந்தபடி திட்டுவதும், நம்ம ஆள் செய்தால் கண்ணை மூடிக்கொள்வதும் ஒரே தப்பின் ரெண்டு பக்கம். ரெண்டிலும் கணக்கு கேட்கப்படுவதில்லை. கணக்கு சொல்ல வேண்டியவருக்கு அதைவிட வசதி வேறு இல்லை.

நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடத்தில் சாப்பிடும் தட்டைப் பாருங்க. காமராஜர் ஆட்சியில் மதிய உணவு. 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருசாக்கினார். 1989ல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. ஜெயலலிதா அம்மையார் ஆட்சியில் கலவை சாதம் வந்தது. 2022ல் மு.க.ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவு வந்தது. அதைச் சமைக்கிறது நம்ம குழுப் பெண்கள். மேடையில் ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவோ பேசியிருக்காங்க. ஆனால் அந்தத் தட்டை யாரும் கவிழ்க்கவில்லை, மேலே மேலே வைத்தாங்க. சரி, அந்த முட்டை கெட்டுப் போயிருந்தால், எங்க கட்சி கொடுத்த முட்டை என்று பிள்ளைக்கு ஊட்டுவோமா? நல்லதை யார் செய்தாலும் நல்லதுன்னு சொல்லணும். கெட்டதை யார் செய்தாலும் கேட்கணும்.

இப்போது எங்க குழுவில் மூணு தீர்மானம் போட்டிருக்கிறோம். குழு வாட்ஸ்அப்பில் எந்தத் தலைவரைப் பற்றியும் கேலிப் படம் போடக் கூடாது. கிராம சபைக்கு முந்தின வாரக் கூட்டத்தில் நம்ம கேள்விகளை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடணும். பதவியில் இருப்பவர் எந்தக் கட்சி ஆதரவோ, அந்தக் கட்சி வீட்டுப் பெண்தான் முதலில் எழுந்து கேட்கணும்.

அந்த அக்டோபர் 2 கிராம சபையில் குழாய்க் கேள்வியை நான் கேட்டேன். கை நடுங்கியது. ஆனால், "நீ எதிர்க்கட்சி" என்று என்னை யாரும் சொல்ல முடியவில்லை. தீர்மானம் ஏறியது. வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூணாவது நாள், "தண்ணி எப்ப வருமாம்?" என்று அவரே கேட்டார். குழாய் வந்துவிட்டது. கடைசி ஆறு வீட்டுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சகோதரிகளே, ஓட்டு உங்க இஷ்டம். யாருக்குப் போட்டீங்க என்று யாரும் கேட்கக் கூடாது. ஆனால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. அந்த ஆறு நாளும் கட்சியை வீட்டில் வைத்துவிட்டு, கேள்வியை எடுத்துக்கொண்டு வாங்க.