‘அவர் எங்கட ஆள்’ என்பது போதாது



சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, வீட்டுப்பாட உதவி, ஊர்வலத் தொண்டர் வேலை என்று எங்கட எல்லா வேலையிலயும் 18 வயசு ஆகாத பிள்ளையள் இருக்கினம். அவையின்ர பாதுகாப்பு எப்பிடி என்று கேட்டா ஒரே பதில்தான்: ‘எல்லாருக்கும் டிபிஎஸ் செய்தாச்சு.’

இங்கிலாந்தில் டிபிஎஸ் சான்றிதழ் காட்டுவது ஏற்கெனவே பதிவானதை மட்டுமே. ஒருத்தரும் முறையிடாத ஆளுக்கு அது வெள்ளையாகத்தான் வரும். குடும்ப மானம் என்று எத்தனை விஷயத்தை எங்கட ஆக்கள் வெளியில விடாமல் வைச்சிருக்கினம்?

இடதுசாரிகள் என்பதால நாங்கள் விதிவிலக்கும் இல்லை. சோசலிஸ்ட் வேர்க்கர்ஸ் பார்ட்டியில் தலைமையில் இருந்த ஒருவர் மீது ஒரு பெண் உறுப்பினர் வன்புணர்வு முறைப்பாடு செய்தார். அதைக் கட்சிக் குழுவே விசாரித்தது. அவரைப் பழகித் தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள். நிரூபிக்கப்படவில்லை என்று முடித்தார்கள். 2013இல் விஷயம் வெளியே வர, நூற்றுக்கணக்கானோர் விலகினார்கள். ‘எங்களுக்குள்ளயே பார்த்துக்கொள்ளுவம்’ என்பதன் விலை அது.

பொலிசை நம்ப ஏலாது என்று சொல்லுவியள். விசா இழுபறியில் உள்ள குடும்பம் சோஷல் சர்வீஸ் என்றாலே பயப்படும். அந்தப் பயம் நியாயமானது. அதுக்காக நாங்கள் நீதிமன்றம் ஆக ஏலாது. குடும்பத்தோட கூடப் போறது, குடிவரவுச் சட்டத்தரணியைத் தேடிக் குடுக்கிறது, ஊர்ச் சொந்தம் இல்லாத மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கிறது: இதுதான் எங்கட வேலை.

ஆகவே சில விதிகள், தலைமைக்கும் சேர்த்து:

பிள்ளையோட தனி வட்ஸ்அப் வேண்டாம். தனியாகக் காரில ஏத்த வேண்டாம்.

ஒரு பிள்ளை வந்து சொன்னா, ‘ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்’ என்று வாக்குக் குடுக்காதேங்கோ. துருவிக் கேட்காதேங்கோ. பிள்ளை சொன்ன சொல்லிலயே, திகதி நேரத்தோட எழுதி, அண்டைக்கே பொறுப்பாளரிட்டக் குடுங்கோ. உடனடி ஆபத்து என்றால் 999.

முறைப்பாடு எங்கட தொண்டர் மீதே என்றால், உள்ளூராட்சிச் சபையில் இதற்கென்றே ‘லாடோ’ என்ற அதிகாரி இருக்கிறார். பொறுப்பாளர் மீதே என்றால், அவரைத் தாண்டி நேரே அங்கே போங்கோ.

பிள்ளையளுக்கும் சைல்ட்லைன் எண்ணைக் குடுங்கோ: 0800 1111. எங்களைப் பற்றியும் அங்க முறையிடலாம் என்று சொல்லியே குடுங்கோ.

அடுத்த கூட்டத்தில் இரண்டு பொறுப்பாளர்களைத் தெரிவு செய்வோம். அதுவரை புதுப் பிள்ளையளைச் சேர்க்க வேண்டாம் என்பது என் முன்மொழிவு.