அம்மாவைப் பார்க்க ஓர் ஆள்

மாத்தளை நகரிலும் உக்குவளை, இறத்தோட்டைப் பக்கங்களிலும் வயதான தாய் தகப்பன் மட்டுமே இருக்கும் வீடுகள் பல. பிள்ளைகள் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ டோகாவிலோ இருப்பார்கள். "அம்மாவைப் பார்க்க ஓர் ஆள் வேணும்" என்று தொலைபேசியில் சொன்னதும் பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்கிறார். அன்றைக்கே அந்தப் பிள்ளை தொழில்தருநர் ஆகிவிடுகிறார். ஆனால் அவர் அப்படி நினைப்பதில்லை. ஆள் வைத்தது அம்மா, நான் காசுதானே அனுப்புகிறேன் என்பார். சம்பளத்தைத் தீர்மானிப்பதும் வேலையால் நிறுத்துவதும் அவர்தான் என்றால், பொறுப்பும் அவருடையதுதான்.

இதே பெண் குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போயிருந்தால், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருப்பார். சம்பளம் எவ்வளவு என்று எழுதிய ஒப்பந்தம் கையில் இருந்திருக்கும். மாத்தளையில் வேலை செய்வதால் ஒரு துண்டுக் கடிதாசிகூட இல்லை. நம் நாட்டுச் சட்டமும் அவருக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. 1871ஆம் ஆண்டின் வீட்டுப் பணியாளர் பதிவுக் கட்டளைச் சட்டம் வேலைக்காரரைப் பதிவு செய்து நடத்தையைக் குறித்துவைக்கப் பிறந்தது; அவருடைய ஓய்வைப் பற்றி அது கவலைப்படவில்லை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வீட்டுப் பணியாளரை வெளியே விட்டது. 2016இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தபோதும் அதே கதைதான். சட்டம் கைவிட்ட இடத்தில், வெளிநாட்டில் சம்பளச் சீட்டும் லீவும் ஓய்வூதியமும் பெற்று வாழும் ஒருவர், தாம் அனுபவிப்பதை இன்னொருவருக்கு மறுப்பது எந்த வகையில் நியாயம்?

"அவ எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி, பேப்பர் எழுதினால் மனம் கோணும்" என்பார்கள். அந்த அன்பை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுப் பிள்ளைக்கு இன்றிரவு முடியாது என்று சொல்ல வாய் உண்டு. இரவு இரண்டு மணிக்கு அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பி, விடிந்ததும் சமையல், மருந்து, உடுப்புத் தோய்ப்பு என்று ஓடுகிறவருக்கு அது கிடையாது. மாசி மகத்தன்று முத்துமாரியம்மன் தேர் பார்க்கப் போகவும் அவர் தயங்கித் தயங்கித்தான் கேட்க வேண்டும். இன்னொரு வாதம், தோட்டத்துச் சம்பளத்தைவிட இது கூட என்பது. மாதக் கணக்கில் கூடவாக இருக்கலாம். தோட்டத்திலோ செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் இருக்கிறது, தோட்ட நிர்வாகம் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம் கட்டுகிறது, வேலை முடிந்தால் மாலை அவருடையது. அம்மா கண்மூடிய மறுநாள் இந்தப் பெண் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பினால், கூடக் கொடுத்த அந்தச் சம்பளத்தால் என்ன மிஞ்சும்?

ஆகவே கடல் கடந்து வாழும் நேயர்களே, அடுத்த மாதச் சம்பளத்தை அனுப்பும் முன் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். சம்பளம், வேலை நேரம், வாரத்தில் முழுதாய் ஒரு நாள் லீவு, அன்றைக்கு அம்மாவைப் பார்ப்பது யார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு பிரதி அவரிடம் இருக்கட்டும். சம்பளத்தை உறவினர் கையில் கொடுக்காமல் அவருடைய வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். அதற்குமேல் 12 வீதத்தை அவர் பெயரில் சேமிப்பாக வையுங்கள்.