வந்தோரும் இருந்தோரும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பிறப்பால் மக்களைப் பிரித்துக் காணும் நோயைப் பற்றியும், அதனைக் கடந்து ஒரே நாட்டினராய் வாழும் வழியைப் பற்றியும் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்தார்கள். இப்பொருளைப் பேச மாதுங்காவையும் தாராவியையும் செம்பூரையும் விடப் பொருத்தமான இடம் வேறு எங்கு உண்டு?

நம் மூத்தோர் சிலருக்கு அந்நாட்கள் இன்னும் நினைவிருக்கும். 1960-ஆம் ஆண்டில் தோன்றிய 'மார்மிக்' வார இதழ், இந்நகரத்து அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியலிட்டு அச்சிட்டது. 1966 ஜூன் திங்களில் சிவசேனை பிறந்தது. தென்னிந்தியர் நடத்திய உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. நாம் உடுத்தும் உடையே ஏளன கோஷமாயிற்று. எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் நேர்மையாய் உழைத்தவன், தன் பெயரே தன்மீது குற்றச்சாட்டாக நிற்கக் கண்டான்.

எனினும் மறுபக்கத்தையும் நோக்குவதே அறம். மும்பையைத் தலைநகராகக் கொண்ட மாநிலம் வேண்டி நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். ஹுதாத்மா சௌக்கில் நிற்கும் நினைவுச்சின்னம் அதற்குச் சான்று. 1960 மே 1-ஆம் நாள் மாநிலம் அமைந்த பின்னரும் மராட்டிய இளைஞர் பலருக்கு வேலை கிட்டவில்லை. அவர்கள் குறை மெய்யானது. அக்குறையின் காரணத்தை அண்டை வீட்டானின் பெயரில் தேடியதே பிழை.

நமக்கு அரணாய் நின்றது எது? 1950 ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டமே. பிறந்த இடம் கருதி அரசு வேற்றுமை காட்டலாகாது என்பது அதன் 15-ஆம் விதி. தீண்டாமையை ஒழித்தது 17-ஆம் விதி. நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அளித்தது 19-ஆம் விதி. அச்சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவர் டாக்டர் அம்பேத்கர் வாழ்ந்த 'ராஜகிருகம்' மாதுங்காவுக்கு அருகே, தாதர் இந்து காலனியில் இன்றும் உள்ளது. 1913 முதல் 1916 வரை அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அப்பெருமகனார், 1917-இல் பரோடா அரசுப் பணியை ஏற்கச் சென்றபோது தங்குவதற்கு இடமின்றி அலைந்தார். ஒரு விடுதியில் சில நாட்கள் தங்கியவரைத் தடியேந்திய கூட்டம் ஒன்று வெளியேற்றியது. கடல் கடந்து கற்ற கல்வியும் அவருக்கு ஓர் அறையைப் பெற்றுத் தரவில்லை!

அவர் பயின்ற அமெரிக்க நாட்டிலும் கறுப்பின மக்களுக்கு இதே கதிதான். அவர்தம் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியா வந்து, நம் மும்பையின் மணி பவனிலும் தங்கிச் சென்றார். கேரளத்துப் பள்ளி ஒன்றில் தம்மை 'அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர்' என்று அறிமுகப்படுத்தியபோது முதலில் அதிர்ந்ததாகவும், பின்னர் அது உண்மையே என உணர்ந்ததாகவும் அவர் 1965-இல் ஓர் உரையில் கூறினார். உணவு விடுதியிலும் வேலையிலும் நிறமும் பிறந்த நாடும் பார்ப்பதை அந்நாடு 1964-இல் சட்டத்தால் தடுத்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்ப்பதை 1968-இல் தடுத்தது. சட்டம் வந்த அன்றே உள்ளம் மாறிவிடவில்லை. ஆயினும் வாயிற்கதவு திறந்தது.

இனி நம் வாயிலுக்கு வருவோம். தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தாராவியில் குடியேறினர். எழுதுகோல் பிடித்தவர்கள் மாதுங்காவில் குடியேறினர். இரண்டும் நடந்து செல்லும் தொலைவே. ஆனால் அத்தொலைவை நடந்து கடந்த நட்புகள் எத்தனை? திருமணங்கள் எத்தனை? பூங்குன்றனாரின் பாட்டை ஆண்டு விழாதோறும் மேடையில் முழங்குகிறோம். மறுநாள் வாடகைக்கு வீடு கேட்டு வரும் தமிழனிடமே, 'நீங்கள் எந்த ஆட்கள்?' என்று சுற்றி வளைத்துக் கேட்கிறோம். ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் தன் உறுப்புரிமையை ஒரே சமூகத்தாருக்கு மட்டும் என வரையறுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. ஆகவே, இவ்விடத்தில் சட்டம் வந்து நம் கையைப் பிடிக்கப் போவதில்லை. மனச்சான்றுதான் பிடிக்க வேண்டும்.

2008-இல் இதே நகரில் வட இந்தியத் தொழிலாளரும் தேர்வெழுத வந்த இளைஞரும் தாக்கப்பட்டனர். அன்று நம்மைச் சுட்ட அதே சொற்கள் அவர்களைச் சுட்டன. சுடுபட்ட அனுபவமுள்ள நாமன்றோ முதலில் குரல் கொடுத்திருக்க வேண்டும்?

பழைய காயத்தை மறக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. மறந்தவன் அதையே பிறர்க்குச் செய்வான். அதனை ஓயாமல் சொல்லிச் சொல்லி வளர்க்கவும் வேண்டாம். வளர்த்தவன் தன் குற்றத்தைக் காணமாட்டான். நமக்கு இழைக்கப்பட்ட அநீதி, நாம் பிறர்க்கு இழைக்காதிருக்கக் கற்ற பாடமாகட்டும்.

ஆகவே அன்பர்களிடம் என் வேண்டுகோள் மூன்று. நம் பிள்ளைகள் தமிழோடு மராத்தியையும் உரிமையோடும் அன்போடும் கற்கட்டும். வீடு கேட்டு வருபவரிடம் வாடகையும் ஒழுக்கமும் பேசுவோம்; சாதியும் ஊரும் கேளாதிருப்போம். அடுத்த ஆண்டு விழாவின் வரவேற்புக் குழுவில் மாதுங்காவும் தாராவியும் செம்பூரும் ஒருங்கே அமரட்டும். வந்தோர் என்றும் இருந்தோர் என்றும் பேதமின்றி இந்நகரம் நம் எல்லோருக்கும் சொந்தமாவது அன்றுதான்.