கொற்கைக்கு வண்டி ஏறுங்கள்



பாண்டியன் தலைநகர் எது என்றால் சின்னப்பிள்ளைகூட மதுரை என்கிறது. இருக்கட்டும். அந்த மதுரையில் நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிரை விட்டானே, அடுத்த ராஜா எங்கேயிருந்து போனான்? நம்ம ஏரலுக்குப் பக்கத்திலிருந்து போனான்! கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் போனான்! சிலப்பதிகாரம் சொல்லுதய்யா, நானா சொல்கிறேன்?

1968-69-ல் அங்கே தோண்டினார்கள். கிடைத்த கரியைச் சோதித்தால் கி.மு. 785! மூவாயிரம் வருஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? 'பெரிப்ளூஸ்' எழுதிய கிரேக்கக் கடலோடி சொல்கிறான், இங்கே முத்துக்குளிக்க இறக்கியது தண்டனைக் கைதிகளையாம்.

கைதி என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். பேர் எதற்கு? ஒட்டப்பிடாரத்து வக்கீல்! 1906-ல் கம்பெனி தொடங்கி, இதே தூத்துக்குடிக் கரையிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டவர். வெள்ளைக்காரன் டிக்கெட்டைக் குறைத்தான், சும்மாவே ஏறு என்றான், குடைகூடக் கொடுத்தான் என்பார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. 1908-ல் பிடித்து உள்ளே போட்டான். கோவைச் சிறையில் செக்கு!

எங்கே விட்டேன்? கொற்கை. தாமிரபரணி மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கடலை ஆறேழு கிலோமீட்டர் தள்ளிவிட்டது. துறைமுகம் காயலுக்குப் போனது. மார்க்கோ போலோ பார்த்தது அந்தக் காயலைத்தான். அப்புறம் தூத்துக்குடிக்கு வந்தது. கொற்கைக்கு நாம் பேரப்பிள்ளைகள்!

நம்ம கொற்கையைப்போல இன்னொரு ராஜதானியின் கதையையும் கேளுங்கள். ஆப்பிரிக்காவில், கானா நாட்டில், குமாசி என்று ஓர் ஊர். அசாந்தி ஜனங்களின் ராஜதானி. 1900-ல் வெள்ளைக்கார கவர்னர் அங்கே போய், உங்கள் தங்க ஆசனத்தைக் கொண்டா, நான் உட்காரணும் என்றான். யா அசாந்தேவா என்று ஓர் அம்மா, படை திரட்டிவிட்டாள்! அவளை நாடுகடத்தினான்; ஆசனம் கைக்கு வரவில்லை. நம்ம வக்கீலிடம் கடலைப் பறித்தவனுக்கு இவன் சொந்தக்காரன்தான். இன்றைக்கும் குமாசி அரண்மனையில் அசாந்தி ராஜா இருக்கிறார்.

நம்ம ராஜதானியில்? வயல், குளம், ஒரு கிழட்டு வன்னிமரம். மேடைக்கு மேடை கொற்கை கொற்கை என்று முழங்குகிற நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். அந்த வன்னிமரம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், செல்போனைத் தடவுவார்கள்!

வருகிற ஞாயிற்றுக்கிழமை வேன் பேசியிருக்கிறோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மேடைக்குப் பின்னால் பேர் கொடுங்கள். அந்த நண்பர்களுக்கும் ஜன்னலோரமாக ரெண்டு சீட்டு போட்டு வைத்திருக்கிறேன்.